வீடு கட்டுவோர் கவனிக்க: மாடி வெயிலில் வெந்நீர்!

"வெந்நீர் ஆயிற்றா?"

பொழுது விடிந்ததும் பல வீடுகளில் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

தாத்தாவுக்கு மூட்டு வலி. அவருக்கு வெந்நீர் வேண்டும். கைக்குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோ மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீர்ப் பக்கமே போக மாட்டார்கள். இத்தனை பேருக்கும் வெந்நீர் போட்டுக் கொடுப்பவர் வீட்டுத் தாய்தான். அதற்காகவே அவர் எல்லோருக்கும் முன்னால் எழுந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் இதற்கென்று கொல்லைப்புறத்தில் தனி அடுப்பு இருந்தது. தென்னை மட்டையும், கொட்டாங்கச்சியும், சுள்ளியும் அதில் எரிந்தன. வசதி உள்ள வீடுகளில் செம்புப் பாய்லர் இருந்தது. நடுவே கரி கனலும். சுற்றிலும் தண்ணீர் காயும்.

இன்று அந்த இடத்தைக் கேஸ் அடுப்பும், மின்சார ராடும், கீசரும் பிடித்துக்கொண்டன. அடுப்பு மாறிவிட்டது. ஆனால் செலவு குறையவில்லை. ஆபத்தும் குறையவில்லை.

அதே வீட்டின் மொட்டை மாடியில் காலை முதல் மாலை வரை வெயில் கொளுத்துகிறது. மாடியில் உள்ள தொட்டித் தண்ணீர் சித்திரை மாதத்தில் தானாகவே சுடுகிறது. அந்த வெயிலைப் பிடித்து வைத்துக்கொள்ள ஒரு கருவி இருந்தால் போதாதா?

கருவி இருக்கிறது. இன்று நேற்று வந்ததும் அல்ல. ஆனால் அது எல்லா வீட்டுக்கும் லாபமா? யாருக்கு லாபம்? வாங்குமுன் எதைக் கவனிக்க வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் பணத்தைப் போடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

வாளியில் இருக்கும் ஆபத்து

முதலில் உயிரைப் பற்றிப் பேசுவோம். பணத்தைப் பிறகு பார்க்கலாம்.

அடுப்பில் கொதித்த தண்ணீரைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டு குளியலறைக்குப் போவது பல வீடுகளில் தினமும் நடக்கும் காரியம். வழியிலே குழந்தை குறுக்கே ஓடி வரும். தரை ஈரமாக இருக்கும். கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

மின்சார ராடு இதைவிட மோசம். வாளியில் ராடைப் போட்டுவிட்டு, சுவிட்சை அணைக்காமலே, "சுட்டுவிட்டதா?" என்று தண்ணீரில் விரலை வைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். ராடில் சிறு பழுது இருந்தாலும், வீட்டில் எர்த் சரியாக இல்லாவிட்டாலும், அந்த ஒரு விரலே உயிரைக் கொண்டு போய்விடும்.

வெயிலில் காயும் தண்ணீர் குழாய் வழியாக நேரே குளியலறைக்கு வருகிறது. யாரும் தூக்க வேண்டியதில்லை. வாளியில் மின்சாரமும் இல்லை. இந்த ஒரு நன்மைக்கு விலை போட முடியுமா?

வெயில் எப்படித் தண்ணீரைக் காய்ச்சுகிறது?

கண்ணாடியை மூடிக்கொண்டு வெயிலில் நிற்கும் காருக்குள் ஏறியவர்களுக்கு இது விளங்கும். வெயில் கண்ணாடி வழியே உள்ளே போகிறது. உள்ளே உண்டான சூடு எளிதில் வெளியே வருவதில்லை. இதுதான் மூல ரகசியம்.

ஸ்விட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி சோசூர் என்பவர் 1767-ம் ஆண்டில் கண்ணாடி மூடிய பெட்டிகள் செய்து இதைச் சோதித்தார். அவர் செய்த பெட்டி ஒன்றின் உள்ளே சூடு, தண்ணீர் கொதிக்கும் அளவையும் தாண்டியது.

இன்றைய கருவியும் அந்தப் பெட்டியின் பேரப்பிள்ளைதான். இதில் இரண்டு வகை உண்டு.

முதலாவது தட்டை வகை. ஓர் உலோகப் பெட்டி. மேலே உறுதியான கண்ணாடி. உள்ளே கரும்பூச்சுப் பூசிய செம்புத் தகடு. அதோடு ஒட்டிய செம்புக் குழாய்களில் தண்ணீர் இருக்கும். தகடு வெயிலை வாங்கிக் குழாய்த் தண்ணீரைச் சூடாக்குகிறது.

இரண்டாவது கண்ணாடிக் குழல் வகை. ஒவ்வொரு குழலுக்கும் இரண்டு சுவர்கள். நடுவில் காற்று கிடையாது. காப்பி ஊற்றி வைக்கும் பிளாஸ்க் எப்படிச் சூட்டைக் காக்கிறதோ, அப்படியே இதுவும் காக்கிறது.

சூடான தண்ணீர் லேசாகி மேலே போகும். குளிர்ந்த தண்ணீர் கனமாகிக் கீழே வரும். ஆகவே தொட்டியை மேலேயும் பலகையையும் குழல்களையும் கீழேயும் வைத்தால், தண்ணீர் தானாகவே சுற்றிச் சுற்றி வரும். மோட்டார் வேண்டாம். மின்சாரம் வேண்டாம். தொட்டியைச் சுற்றிச் சூடு போகாமல் காக்கும் மெத்தை போன்ற அடைப்பு இருக்கும். மாலையில் காய்ந்த தண்ணீர் மறுநாள் காலையிலும் சுடுவதற்கு அதுவே காரணம்.

ஒரு சந்தேகத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். மாடியில் வைக்கும் நீலக் கறுப்புப் பலகைகள் வேறு, இது வேறு. அவை வெயிலை மின்சாரமாக மாற்றுகின்றன. விழும் வெயிலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கைத்தான் அவற்றால் மின்சாரமாக்க முடியும். வெந்நீர்க் கருவியோ பாதிக்குக் குறையாத வெயிலைச் சூடாகப் பிடித்துக்கொள்ளும். 100 லிட்டர் கருவிக்குச் சுமார் 2 சதுர மீட்டர் பலகை போதும்.

மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தின் மானியம் மின்சாரப் பலகைகளுக்கு உரியது. "வெந்நீர்க் கருவிக்கும் அந்த மானியம் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாற வேண்டாம்.

பழைய கதை, புதிய பாடம்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891-ல் வெயில் வெந்நீர்க் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். கரும்பூச்சுப் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய மரப்பெட்டிக்குள் வைத்து விற்றார். பகலெல்லாம் தண்ணீர் நன்றாகச் சுட்டது. இரவில் ஆறிப்போயிற்று.

1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் அதற்கு வழி கண்டார். வெயில் வாங்கும் பலகையைத் தனியாகவும், சூட்டைக் காக்கும் தொட்டியைத் தனியாகவும் பிரித்தார். தம் கருவிக்கு "பகலும் இரவும்" என்ற பொருள்பட ஆங்கிலத்தில் பெயர் வைத்தார். வியாபாரம் கொழித்தது.

பிறகு என்ன ஆயிற்று? கலிபோர்னியாவில் நிலத்தடி எரிவாயு மலிவாகக் கிடைத்தது. ஜனங்கள் வெயிலை மறந்தார்கள். அடுத்து ஃபுளோரிடா மாநிலத்தில், முக்கியமாக மயாமி நகரில், 1930-களில் இந்தக் கருவி வீடு வீடாக ஏறியது. உலகப் போருக்குப் பிறகு மின்சாரம் மலிந்தது. அங்கேயும் மறந்தார்கள்.

எரிபொருள் மலிந்தபோது வெயிலைக் கைவிட்டார்கள். எரிபொருளுக்குப் பஞ்சமான நாடோ அதைக் கைவிடவில்லை. இஸ்ரேல் நாட்டில் 1950-களிலேயே இந்தக் கருவி பரவத் தொடங்கியது. ஹாரி டாபர் என்ற விஞ்ஞானி, வெயிலை நன்றாக உறிஞ்சி, சூட்டை எளிதில் வெளியே விடாத ஒரு கரும்பூச்சைக் கண்டுபிடித்தார். 1980-ல் புதிய வீடுகளில் இக்கருவி கட்டாயம் என்று சட்டமே செய்தார்கள். இன்று அந்த நாட்டில் பெரும்பாலான வீடுகளில் வெயில்தான் வெந்நீர் போடுகிறது.

நமக்குப் பக்கத்திலே கர்நாடகத்தைப் பாருங்கள். 2007-ல் நகரங்களில் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட வீடுகளுக்கு இது கட்டாயமாக்கப்பட்டது. மின் கட்டணத்திலும் சிறு தள்ளுபடி தந்தார்கள். பெங்களூருவின் மாடிகளில் இக்கருவிகள் வரிசையாக நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் எல்லா ஊருக்கும் பொது. வெயிலைப் பயன்படுத்தும் திட்டம்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது.

வாளிக் கணக்கு

இப்போது பணத்துக்கு வருவோம். கடைக்காரர் சொல்லும் கணக்கை அப்படியே ஏற்க வேண்டாம். வீட்டிலேயே கணக்குப் போடலாம். அதற்கு அளவுகோல் குளியலறை வாளிதான்.

ஒரு வாளிக்கு 20 லிட்டர். தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது. குளிக்க 40 டிகிரி போதும். அப்படியானால் ஒரு வாளிக்கு ஆகும் மின்சாரம் சுமார் 0.35 யூனிட். அதாவது மூன்று வாளிக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். நான்கு பேர், ஆளுக்கு ஒரு வாளி என்றால் நாளைக்கு 1.4 யூனிட்.

குழாயைத் திறந்துவிட்டு மேலிருந்து பூவாளி போல் கொட்டும் தண்ணீரில் குளிக்கிற வீட்டில் கதையே வேறு. அங்கே ஆளுக்கு இரண்டு மூன்று வாளி போய்விடும். 100 லிட்டரை 60 டிகிரிக்குச் சூடாக்கிக் குளிர்நீர் கலந்து நான்கு பேர் தாராளமாகக் குளித்தால், நாளைக்கு 4 யூனிட் ஆகும். கீசரில் வீணாகும் சூடு தனி.

உதாரணத்துக்குக் கருவியின் விலை 20,000 ரூபாய் என்றும், மிச்சமாகும் யூனிட்டின் விலை 6 ரூபாய் என்றும், வெயில் உள்ள நாட்கள் 300 என்றும் வைத்துக்கொள்வோம்.

தாராளமாகக் குளிக்கும் குடும்பத்துக்கு ஆண்டில் 1,200 யூனிட், அதாவது 7,200 ரூபாய் மிச்சம். மூன்று ஆண்டுக்குள் முதல் திரும்பிவிடும்.

ஆளுக்கு ஒரு வாளி வெந்நீர் தினமும் உபயோகிக்கும் குடும்பத்துக்கு 420 யூனிட், அதாவது 2,520 ரூபாய் மிச்சம். முதல் திரும்ப எட்டு ஆண்டு ஆகும்.

குளிர் காலத்தில் ஐந்து மாதம் மட்டும் வெந்நீர் போடும் குடும்பத்துக்கு 1,260 ரூபாய்தான் மிச்சம். பதினாறு ஆண்டு காத்திருக்க வேண்டும்! தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீட்டு மின்சாரம் இலவசம். அந்த அளவுக்குள் அடங்கும் குடும்பத்துக்கு மிச்சமே இராது.

ஊட்டி, கொடைக்கானல் போன்ற மலை ஊர்களின் கணக்கு வேறு. அங்கே தண்ணீர் 15 டிகிரியில் இருந்தால் அதே ஒரு வாளிக்கு 0.58 யூனிட் ஆகும். ஆண்டு முழுவதும் வெந்நீர் வேண்டும். ஐந்து ஆண்டுக்குள் முதல் கைக்கு வந்துவிடும்.

ஆகவே "பக்கத்து வீட்டில் வைத்திருக்கிறார்கள்" என்பது வாங்குவதற்குக் காரணம் அல்ல. வீட்டில் எத்தனை பேர், எத்தனை வாளி, எத்தனை மாதம் என்ற மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள். மாணவர் விடுதி, மருத்துவமனை, கல்யாண மண்டபம், முதியோர் நிறைந்த பெரிய குடும்பம் ஆகியவற்றுக்கு இது லாபம் என்பதில் ஐயமில்லை. சமவெளியில் இருக்கும் சிறு குடும்பம் அவசரப்பட வேண்டியதில்லை.

குழாய்தான் முதலில்!

கருவியை என்றைக்கு வேண்டுமானாலும் வாங்கலாம். குழாயை அப்படி முடியாது.

வீடு கட்டி, சுவர் பூசி, குளியலறைக்கு வழவழப்பான ஓடும் பதித்த பிறகு, "வெந்நீர்க் குழாய் வைக்க வேண்டும்" என்று சொன்னால் என்ன ஆகும்? பதித்த ஓட்டை உடைக்க வேண்டும். அல்லது வெளிச்சுவரில் குழாயைத் தொங்கவிட வேண்டும். இந்தச் செலவுக்கு அஞ்சியே பலர் ஆசையை விட்டுவிடுகிறார்கள்.

ஆகவே புது வீடு கட்டுவோர், கருவி வாங்கும் எண்ணம் இன்று இல்லாவிட்டாலும், மாடியிலிருந்து குளியலறைக்கு ஒரு வெந்நீர்க் குழாயைச் சுவருக்குள்ளே போட்டு வைக்க வேண்டும். கட்டும்போது அது சிறு செலவு. கொத்தனாரிடமும் பிளம்பரிடமும் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

சாதாரண பி.வி.சி. குழாய் வெந்நீருக்கு ஆகாது. சூட்டில் நெளிந்துவிடும். வெந்நீரைத் தாங்கும் சி.பி.வி.சி. குழாயே வேண்டும்.

மாடியிலிருந்து குளியலறை எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். முக்கால் அங்குலக் குழாய் 40 அடி நீளம் இருந்தால், அதில் 3 லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். காலையில் குழாயைத் திறந்ததும் அந்த ஆறிய தண்ணீர்தான் முதலில் வரும். அதைக் கொட்டிவிடாமல் ஒரு பாத்திரத்தில் பிடித்து வைத்துத் துணி துவைக்கவோ, செடிக்கு ஊற்றவோ பயன்படுத்தலாம். வெளியே போகும் குழாய்க்குச் சூடு காக்கும் உறை போட வேண்டும்.

பொருத்தும்போது

நம் நாட்டில் பலகை தெற்கு நோக்கி இருக்க வேண்டும். தென்னை மரத்தின் நிழலோ, பக்கத்து மாடியின் நிழலோ அதன்மேல் விழக் கூடாது. துணி காயப்போடும் கொடியையும் தள்ளிக் கட்ட வேண்டும்.

குளிர்நீர்த் தொட்டி வெந்நீர்த் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் தானாக இறங்கி வராது. பல வீடுகளில் தகராறு இங்கேதான் தொடங்குகிறது. தொட்டிக்கு மேடை கட்டும்போதே உயரமாகக் கட்டிவிட்டால் கவலை இல்லை.

வெந்நீர்த் தொட்டியிலிருந்து மேலே நீட்டிக்கொண்டிருக்கும் காற்றுக் குழாயை யாரும் அடைக்கக் கூடாது. ஆவி வெளியேறும் வழி அதுதான்.

உப்புத் தண்ணீர் ஊர்களில் தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாய்களுக்குள் சுண்ணாம்பு படிந்து அடைத்துக்கொள்ளும். அந்த ஊர்களில் கண்ணாடிக் குழல் வகையைச் சுத்தம் செய்வது சுலபம். ஆனால் குரங்குத் தொல்லை உள்ள ஊரில் குழல்கள் உடையும். உறைபனி விழும் மலை ஊரில் தட்டை வகையின் குழாய்கள் வெடிக்கலாம். ஊருக்கு ஏற்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வெயிலில் காய்ந்து கிடக்கும் வெறும் கண்ணாடிக் குழலில் நடுப்பகலில் குளிர்நீர் விட்டால் அது விரிசல் கண்டுவிடும். அதிகாலையில் நிரப்புவதே நல்லது.

தட்டை வகைக்கு ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தரம் உண்டு. தர முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். எத்தனை ஆண்டு உத்தரவாதம், பழுது பார்க்க யார் வருவார், எத்தனை நாளில் வருவார் என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாய் வார்த்தை மழையில் கரைந்துபோகும்.

மழைக் காலத்தில் என்ன செய்வது?

உண்மையை மறைக்கக் கூடாது. தமிழ்நாட்டில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் மூடிக்கொள்ளும். வெந்நீர் வேண்டும் என்று மனம் கேட்கும் நாளும் அதுவே. அடுத்தடுத்து இரண்டு மூன்று நாள் மழை பெய்தால் தொட்டித் தண்ணீர் ஆறிவிடும். இதற்காகத் தொட்டிக்குள் மின்சாரக் காயில் வைத்துக்கொள்ளலாம். எர்த் சரியாக இருப்பதும், சூடு ஏறியதும் தானே அணைவதும் அவசியம். இரவெல்லாம் அதைப் போட்டு வைத்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

மழை விட்டு மார்கழி வந்ததும் வானம் தெளியும். பனியும் இருக்கும், பகலில் வெயிலும் இருக்கும். கருவி தன் திறமையைக் காட்டுவது அப்போதுதான்.

ஓர் எச்சரிக்கை. வெயில் வெந்நீர்தானே என்று அலட்சியம் கூடாது. நல்ல கோடையில் அது 70 டிகிரிக்கு மேலும் சுடும். குழந்தையின் தோலைச் சில நொடியில் வெந்துபோகச் செய்துவிடும். வாளியில் முதலில் குளிர்நீர், பிறகு வெந்நீர் என்ற பழக்கத்தைப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுக்க வேண்டும்.

மாடி யாருக்குச் சொந்தம்?

சொந்த வீட்டுக்காரர் தாமே முடிவு செய்துகொள்ளலாம். அடுக்குமாடியில் குடியிருப்பவர் என்ன செய்வார்? மாடி எல்லோருக்கும் பொது. முதலில் வருபவர் இடத்தைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வருபவருக்கு இடம் இராது. பிறகு சண்டைதான்.

குடியிருப்போர் சங்கங்கள் இதை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு இடம் என்று அளந்து எழுதி வைக்கலாம். அல்லது பொதுவில் ஒரே கருவி வைத்துச் செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம். மிக உயரமான கட்டடத்தில் எல்லா வீட்டுக்கும் மாடி இடம் போதாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

வாடகைக்குக் குடியிருப்பவரின் நிலை இன்னும் சங்கடமானது. கருவி வாங்க வேண்டியவர் வீட்டுக்காரர். மின் கட்டணம் கட்டுபவர் குடித்தனக்காரர். லாபம் ஒருவருக்கு, செலவு இன்னொருவருக்கு என்றால் காரியம் எப்படி நடக்கும்? வாடகையில் சிறிது கூட்டிக்கொண்டு கருவியை வைத்துக் கொடுத்தால் இருவருக்கும் நன்மை. பேசினால் தீரும் விஷயம் இது.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. வீட்டுப் படத்துக்கு அனுமதி கொடுக்கும்போது, வெந்நீர்க் குழாய்க்கு வழி விட்டிருக்கிறதா, மாடியில் வெயில் படும் இடம் ஒதுக்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடு கட்டி முடிந்த பிறகு நேரில் வந்தும் பார்க்க வேண்டும். காகிதத்தில் இருக்கும் குழாயில் வெந்நீர் வராது!

எல்லோரும் நாளைக்கே கருவி வாங்க வேண்டும் என்பதல்ல இங்கே சொல்வது. கணக்குப் பார்த்து வாங்குங்கள். லாபம் இல்லையென்றால் காத்திருங்கள். ஆனால் வீடு கட்டுகிறவர்கள் குழாய்க்கு மட்டும் இன்றே வழி விட்டு வையுங்கள். அஸ்திவாரம் தோண்டும்போதே நாளைய பிள்ளைகளை நினைத்துக் கட்டுவதுதான் நம்மவர் வழக்கம். அந்த நினைப்பில் ஒரு குழாய்க்கும் இடம் இருக்கட்டும்.